வீடியோ காலுக்கு ஒரு பொட்டு

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் தங்கச்சி. எனக்கு எதிர்க்காற்று ஆகாது. இந்தப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு இடைஞ்சல் இல்லையே? உள்ளே எலுமிச்சம்பழச் சாதம் இருக்கிறது. சரிந்தால் எண்ணெய் வழிந்துவிடும். விமானத்தில் கொடுப்பதை என் மகள் வாயில் வைக்க மாட்டாள்.

நான் வள்ளியூரிலேயே ஏறிவிட்டேன். இங்கே வடசேரி பஸ் ஸ்டாண்டில் இவ்வளவு நேரம் போட்டுவிடுவான் என்று யாருக்குத் தெரியும். சாயங்காலம்தான் விமானம் இறங்குமாம். கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "யம்மா, உங்க பிளேன் வாரதுக்குள்ள நான் திருவனந்தபுரத்துக்குப் போயிட்டுத் திரும்பியே வந்துருவேன்" என்கிறான். அவனுக்கு என்ன. மார்த்தாண்டத்தில் வண்டி நெருக்கிக்கொண்டு நின்றால் அவனா பதில் சொல்லுவான்?

நீங்கள் எங்கே? மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கா. சரி.

உங்கள் நெற்றியையே பார்க்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். வேதக்காரர்களா, சர்ச்சுக்குப் போகிறவர்களா? அதுதானே. நல்லது. உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்காரர் இருந்தாலும் வெறும் நெற்றி, இல்லாவிட்டாலும் வெறும் நெற்றி. எதிரே வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு அப்படி இல்லை. நெற்றியைப் பார்த்ததும் ஊருக்கே செய்தி போய்விடும்.

ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். வண்டிதான் இன்னும் கிளம்பவில்லையே.

என் மகள் கோமதி கனடாவில் படித்தாள். ஒரே பிள்ளை. என்ன படிப்பு என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது, நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவள் அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியும். நம்பிராஜன் என்று பெயர். நாற்கரச் சாலையில் எடை மேடை இருக்கிறதே, லாரிகள் வந்து ஏறி நின்று எடை பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிற இடம், அங்கே வேலை. "கோமு அங்க காலூன்றிட்டாப் போதும் உலகு, நாம ரெண்டு பேரும் கஞ்சி குடிச்சிக்கிட்டுக் கெடக்கலாம்" என்பார். உலகம்மாள் என்பது என் பெயர். அவர் மட்டும்தான் உலகு என்று கூப்பிடுவார்.

அவள் போகும்போது ஒரு சட்டம் இருந்தது. படித்து முடித்தால் அங்கேயே சில வருஷம் வேலை பார்க்கலாம், அப்புறம் அங்கேயே இருந்துவிடக் கேட்கலாம் என்றார்கள். அவள் பாதி படிக்கும்போது வேறு சட்டம். படிக்கிற பிள்ளைகள் வாரத்துக்கு இவ்வளவு நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள், அதிலும் பாதி நேரம் போயிற்று. முடிக்கிற சமயத்தில் மறுபடியும் ஒரு சட்டம். இன்னின்ன படிப்புக்குத்தான் வேலைக்கு அனுமதி என்றார்கள். "எங்க படிப்பு அந்த லிஸ்ட்டுல உண்டா இல்லையான்னு காலேஜ்ல கேட்டா, அவங்க எங்ககிட்டயே கேக்காங்கம்மா" என்று சிரித்தாள். கூட இருந்த பஞ்சாப் பிள்ளை ஒன்று, ஜஸ்லீன் என்று பெயர், அது அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டது. இவள் அனுமதி கேட்டு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

பதில் வருகிற வரைக்கும் அங்கே இருக்கலாம். ஆனால் அதற்குள் நாட்டை விட்டு ஒரு எட்டு வெளியே வைத்துவிட்டால் திரும்ப நுழைய முடியாது. இதை அவர் எனக்குச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது போலச் சொல்லி வைத்திருந்தார். "லாரி மேடையில ஏறி நிக்கும்போது அசையக் கூடாதுல்லா, அந்த மாதிரி. அசஞ்சா எடை செல்லாது." அப்படித்தான் எனக்கு விளங்கியது.

வண்டி கிளம்பிவிட்டான். நல்லவேளை.

அவள் அப்படி அசையாமல் நிற்கிற நேரத்தில்தான் இவருக்கு நெஞ்சு வலித்தது. புரட்டாசி மாசம். ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோமுக்குச் சொல்லிராத. பதறிப்போயிக் கெளம்பி வந்துருவா. பதில் வரட்டும்" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பேச்சு இல்லை.

அவருடைய அக்கா, பாப்பா மைனி, இன்னும் என்னிடம் சண்டை போடுகிறாள். "அவன் வலியத்தாம்ளா சொல்லாதன்னு சொன்னான். சாவயா சொல்லாதன்னு சொன்னான்?" என்கிறாள். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். இது வலிக்குச் சொன்னது, இது சாவுக்குச் சொன்னது என்று நான் எப்படிப் பிரிப்பேன்? நீங்களே சொல்லுங்கள்.

செத்த வீட்டில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வந்தவர்கள் கையை எல்லாம் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஸ்டேட்டஸ் வைத்துவிடாதீர்கள், போட்டோ போட்டுவிடாதீர்கள், தெருமுக்கில் பிளக்ஸ் கட்டிவிடாதீர்கள், கோமு பார்த்துவிடுவாள் என்று. எடை மேடைப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். கொள்ளி வைத்தது மைனி மகன். பெற்ற பிள்ளை பட்டப்பகலில் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது, அவர்களுக்கு அது ராத்திரி. எனக்கு அழ நேரம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு அழலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. கண்ணுக்குள்ளே ஏதோ மணல் கிடக்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் எனக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். தாலியை வாங்கினார்கள், பொட்டை எடுத்தார்கள். அதுவரைக்கும் சும்மா போனில் பேசிச் சமாளித்திருந்தேன். மறுநாள் கோமு வீடியோ காலில் கூப்பிட்டாள்.

நான் எடுக்கவில்லை. பீரோ கண்ணாடியில் பழைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்து நெற்றியில் வைத்தேன். கழுத்து வெறுமையாகத் தெரிந்தது. கவரிங் செயின் ஒன்றைப் போட்டு ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். நல்ல கலர் சேலை கட்டினேன். சுவரில் இருந்த அவர் படத்தை மாலையோடு கழற்றிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் நானே அவளைக் கூப்பிட்டேன். "எங்கம்மா போயிட்ட?" என்றாள். "குளிச்சிட்டு வாரேன்" என்றேன்.

"அப்பா எங்க?"

"குளிக்கப் போயிருக்காவ."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்தால்தான் ஒரு மாதிரி இருக்கிறது. பதினாறுக்கு மறுநாள் நான் சிரித்திருக்கிறேன்.

அதிலிருந்து இதே வேலைதான். அவர் குளிக்கப் போயிருப்பார், பணகுடிக்குப் போயிருப்பார், நைட் டூட்டிக்குப் போயிருப்பார். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் குளிப்பார்? பேசி முடித்ததும் பொட்டை எடுத்துப் போனின் முதுகில் ஒட்டிவிடுவேன். போனுக்குத்தானே அந்தப் பொட்டு. அங்கேயே இருந்தால் தேட வேண்டாம். இதோ பாருங்கள், இப்போதும் இருக்கிறது.

ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போது மைனி உள்ளே வந்துவிட்டாள். வாயில் கை வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். நான் போனை வைக்கிற வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தாள், அதைச் சொல்ல வேண்டும். வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, இது என்ன கோலம்? எந்தம்பி போயி மூணு மாசம் ஆகல. யாருக்குளா பொட்டு?"

"உங்க மருமகளுக்கு மைனி."

"தெருவுல பாத்தா என்ன சொல்லுவான்?"

"கதவச் சாத்திட்டுத்தான் வைக்கேன்."

"கதவச் சாத்திட்டுப் பொட்டு வச்சா இன்னும்லா கேவலமாப் பேசுவான்."

படத்தைக் கட்டிலிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டினேன். மைனிதான் ஆணியைத் தடவிப் பார்த்துக் கொடுத்தாள். அடிக்கடி கழற்றி மாட்டினதில் ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தது.

இதில் ஒரு நாள் மாட்டியிருப்பேன். கேளுங்கள். படத்துக்குக் கீழே சின்னதாகச் சிவப்பு பல்பு ஒன்று மாட்டி வைத்திருக்கிறோம், இரவு பகலாக எரியும். நான் படத்தை எடுத்தேன், பல்பை அணைக்க மறந்துவிட்டேன். பேசிக்கொண்டே இருக்கிறேன், கோமு பதில் சொல்லவில்லை. அசையவே இல்லை. கண் மட்டும் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்த மாதிரி அப்படியே நிற்கிறது. "கோமு, கோமு, கேக்கா?" என்கிறேன். பதில் இல்லை. நெட்டு நின்றுவிட்டது என்று நினைத்தேன். அவள் பின்னால் ஜன்னல் திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, ஹீட்டர் காற்றில் அது எப்போதும் ஆடும். கொஞ்ச நேரம் கழித்து, "ஆங், சொல்லும்மா, நெட்டு சரியில்ல" என்றாள். குரல் கம்மியிருந்தது. அங்கே குளிர் அதிகம், தொண்டை கட்டியிருக்கும். போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் வெறும் சுவரில் பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. நல்லவேளை, நெட்டு நின்றதோ நான் பிழைத்தேனோ.

தக்கலை வந்துவிட்டதா? வெயில் உங்கள் பக்கம் அடிக்கிறது. திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள்.

என் வருத்தம் என்ன தெரியுமா தங்கச்சி? நான் இவ்வளவு பாடுபட்டேன். அந்தப் பிள்ளையோ அதற்கப்புறம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா எங்கே என்று கேட்கவில்லை. அப்பாவிடம் கொடு என்று சொல்லவில்லை. நானே வலிய, "அப்பா டூட்டிக்குப் போயிருக்காவ" என்றால், "சரிம்மா" என்று மட்டும் சொல்லுவாள். வளர்த்தவர் அவர்தான். சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். தூரத்துக்குப் போனால் பிள்ளைகள் மனசு இப்படித்தான் ஆகிவிடும்போல.

வீடியோ காலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "சும்மா போன்ல பேசலாம்மா, நீ மெனக்கெட்டு வந்து உக்காராண்டாம்" என்றாள். பெற்றவள் முகத்தைப் பார்க்கக்கூட அலுப்பு. அவர் உயிரோடு இருந்திருந்தால் இதற்கு ரொம்பச் சங்கடப்பட்டிருப்பார். எனக்கு ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. சேலை மாற்ற வேண்டாம், படத்தைக் கழற்ற வேண்டாம். ஆனாலும் பொட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுவேன். பழகிவிட்டது.

ஆனால் என்னைப் பற்றி மட்டும் ஆயிரம் கேள்வி கேட்பாள். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, ராத்திரி தூங்குனியா. "அத்தைய நம்ம வீட்டுல வந்து படுத்துக்கிடச் சொல்லும்மா" என்றாள். எதுக்கு என்றேன். "அப்பாதான் நைட் டூட்டியாச்சே" என்றாள். அது சரிதானே, நான் சொன்னதுதானே. சொன்ன பொய்க்கு ஏற்ற மாதிரி அவளும் நடந்துகொண்டாள். கெட்டிக்காரப் பிள்ளைதான்.

இடையில் ஒரே ஒரு தடவை அவளே வீடியோ காலில் வந்தாள். தை அமாவாசை அன்றைக்கு. முகத்தைக் காட்டவில்லை, போனை வெளிப்பக்கம் திருப்பிக் காட்டினாள். ஜன்னல் விளிம்பில் பனி குவிந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு காகிதத் தட்டு, தட்டில் சோறு.

"என்னட்டி இது?"

"காக்காய்க்கும்மா."

"அங்க காக்கா உண்டா?"

"இங்கயும் உண்டும்மா. பெருசா, கன்னங்கரேல்னு."

தாத்தாவை நினைத்து வைத்திருக்கிறாள், நல்ல பிள்ளை. இவரும் வருஷா வருஷம் வைப்பார், அதைப் பார்த்து வளர்ந்தவள். ஆனால் தட்டில் இருந்தது உளுந்தஞ்சோறு. மேலே கொஞ்சம் தேங்காய்த் துவையல். என் மாமனார் உளுந்தஞ்சோற்றைத் தொடவே மாட்டார், வாய்வு என்பார். இவருக்குத்தான் அது உயிர். ஏதோ தெரியாமல் செய்துவிட்டாள். அவ்வளவு தூரத்தில் உளுந்து கிடைத்ததே பெரிசு.

போன மாசம் பதில் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படிப்புக்கு இனிமேல் கிடையாதாம். "வந்துருதேம்மா" என்றாள். அழவில்லை. நானும் அழவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்குகிற சத்தம் கேட்டது. போய் இறக்கி வைத்தேன். திரும்பி வந்தால் அவள் இன்னும் லைனில்தான் இருந்தாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன் தங்கச்சி. புரட்டாசியில் சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பாள். திரும்பிப் போக முடிந்திருக்காது. இப்போதும் வருகிறாள், திரும்பிப் போக முடியாது. இத்தனை நாள் அங்கே இருந்ததில் என்ன மிச்சம்? அப்போது வந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பாள். ஐஸ் பெட்டியில் வைத்திருந்தால் அவள் வருகிற வரைக்கும் வைத்திருக்கலாம், மைனி மகன் சொல்லத்தான் செய்தான். அது ஒன்றுதான் வித்தியாசம். சின்ன வித்தியாசம் இல்லைதான். யாரைக் குறை சொல்ல? அந்த ஊர்க்காரர்கள் எங்களை நினைத்தா சட்டம் போட்டிருப்பார்கள்? அவர்களுக்கு எடை மேடையும் தெரியாது, நம்பிராஜனையும் தெரியாது.

பாலம் ஏறுகிறான் பாருங்கள், மார்த்தாண்டம். நான் நினைத்த அளவுக்கு நெருக்கடி இல்லை.

இப்போதுதான் உங்களிடம் கேட்க வேண்டியது. நான் எப்படிப் போய் அவள் முன்னால் நிற்க? மைனி சொல்லிவிட்டாள். "வெறும் நெத்தியோட போயி நில்லு. பாத்ததும் அவளே தெரிஞ்சுக்கிடுவா. நீ வாயத் தொறக்காண்டாம்." அது எனக்குச் சரியாகப் படவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில், தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துக்கொண்டு வருகிற பிள்ளை, தூரத்திலேயே என் நெற்றியைப் பார்த்தால் என்ன ஆவாள்? பொட்டோடு நிற்கலாம், ஓர் ஓரமாக உட்கார வைத்து இந்தச் சாதத்தைச் சாப்பிட வைக்கலாம், கடைசி வாய் இறங்கின பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். வயிற்றில் சோறு இருந்தால் தாங்கிக்கொள்ளுவாள் இல்லையா?

மைனியும் கூட வருவதாகத்தான் இருந்தாள். "நீ பொட்டோட போனா நான் வரல" என்று சொல்லிவிட்டாள்.

இன்னொன்று. காலையில் நான் பஸ் ஏறும்போது கோமு பேசி அனுப்பியிருக்கிறாள். விமானம் மாறுகிற ஊரிலிருந்து அனுப்பியிருக்கிறாள். போட்டுக் காட்டுகிறேன், கேளுங்கள். சத்தம் போதுமா?

"அம்மா, பாதி தூரம் வந்துட்டேன். நீ ஒத்தையில வராத, அத்தையக் கூட்டிட்டு வா. வெயில்ல நிக்காத. அப்புறம் அம்மா... பொட்டு வச்சுக்கிட்டே வா. எனக்காக வைக்காண்டாம். உனக்குப் பிடிச்சிருந்தா வச்சுக்கோ. வீட்டுக்குப் போனப்புறமும் இருக்கட்டும். யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

கேட்டீர்களா? அத்தையைக் கூட்டிக்கொண்டு வா என்கிறாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லவில்லை பாருங்கள். போன காரியம் நடக்கவில்லை, அவர் முகத்தில் முழிக்க வெட்கப்படுகிறாள். அது எனக்கு விளங்குகிறது. ஆனால் பொட்டைப் பற்றி என்ன பேச்சு இது? நான் என்றைக்குப் பொட்டு வைக்காமல் இருந்திருக்கிறேன், அவளுக்குத் தெரிந்து?

அவளுக்குத் தெரிந்து.

வள்ளியூரிலிருந்து இதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

களியக்காவிளை வந்துவிட்டது. இனிமேல் போர்டு எல்லாம் மலையாளத்தில் இருக்கும், எனக்குப் படிக்க வராது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இறங்குகிற இடம் வந்தால் சொல்லுங்கள்.

என்ன தங்கச்சி, கண்ணைத் துடைக்கிறீர்கள்? தூசியா? உங்களை ஆஸ்பத்திரிக்கு எதற்குப் போகிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. என் பாட்டையே பாடிக்கொண்டு வந்துவிட்டேன். யாருக்கு உடம்பு சரியில்லை? சரி, சொல்ல வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் படித்தவர்கள் மாதிரி இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெட்டு நின்றுவிட்டால் போனில் தெரிகிற எல்லாமே நின்றுவிடும்தானே? முகம் மட்டும் நின்று, பின்னால் திரை ஆடுமா?

ஆடாதா.

சரி.

இந்தப் பொட்டைப் பாருங்கள், எத்தனை தடவை ஒட்டி எடுத்தேனோ, பசையே இல்லை. வைத்தால் நிற்க மாட்டேன் என்கிறது. பையில் கண்ணாடியும் கொண்டுவரவில்லை. நேராக இருக்கிறதா? கொஞ்சம் உங்கள் விரலால் அழுத்திப் பிடியுங்கள் தங்கச்சி. இன்னும் கொஞ்ச நேரம். வேர்வை காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.